மருதையன் போட்ட உரம்

புரட்டாசி இருபத்தெட்டாம் தேதி காலை ஒன்பதரை மணி பஸ்ஸில் ரெமி வந்து இறங்கினான். புயல் அடித்த மறு வருடம். நெடுங்காடு கிராமத்தில் சாய்ந்த மரங்களை அறுத்து எடுத்துவிட்டார்கள். வேர்கள் மட்டும் வாய்க்கால் கரையில் அப்படியே கிடந்தன.

கைலாசநாதன் அவனை நேராக நீலகண்டன் வீட்டுக்கு அழைத்து வந்தார். அவர் பிரெஞ்சுப் பட்டாளத்தில் இருந்தவர். சைகோனில் ஒன்பது வருடம். பென்ஷன் வாங்கக் காரைக்கால் போன இடத்தில், தபாலாபீஸ் வாசலில் இந்த வெள்ளைக்காரப் பையனைப் பிடித்திருக்கிறார்.

நீலகண்டன் மாட்டுத் தொட்டியில் தவிடு கலக்கிக்கொண்டிருந்தான். கையைத் துடைத்துக்கொண்டு வந்தான்.

"இந்தத் தம்பி பேரு ரெமி. ஊர் ஊராப் போயி வயல்ல வேலை செய்யுது. ஒன் வீட்டுல ரெண்டு மாசம் இருக்கட்டுமா?"

"என்ன வேலைங்க சித்தப்பா?"

"நீ செய்யற வேலைதான். தழை மிதிக்கறது, நாத்துப் பறிக்கறது."

"கூலி?"

"வேணாங்கறான். சோறும் படுக்க எடமும் போதுமாம்."

நீலகண்டன் பையனைப் பார்த்தான். இருபத்தைந்து வயது இருக்கும். தோளில் ஒரு பை. மூக்கு வெயிலில் தோல் உரிந்திருந்தது.

"அவங்க ஊர்ல சோத்துக்கு இல்லையா?"

"அப்பா டாக்டராம்."

"அப்புறம் எதுக்கு இங்க வந்து சேத்துல நிக்கணும்?"

"அதை நானும் கேட்டேன். அவன் சொன்னது பாதி புரியலை. என் பிரெஞ்சு பட்டாளத்துப் பிரெஞ்சுடா. திட்டறதுக்கும் சாராயம் கேக்கறதுக்கும் நல்லா வரும். நியாயம் பேச வராது." கைலாசநாதன் குடையை மடக்கினார். "ஒண்ணு மட்டும் சொல்றான். கம்பெனி உரம், பூச்சி மருந்து இதெல்லாம் போடாத வயலா இருக்கணுமாம். யோசிச்சுப் பார்த்தேன். நீதான் ரெண்டு பூவாப் போடலியே."

உண்மைதான். புயலில் கொட்டகை விழுந்து கறவை மாடு செத்தது. வீட்டுக்குக் கூரை போட வேண்டியிருந்தது. அதற்கப்புறம் இரண்டு சாகுபடிக்கு நீலகண்டன் உரக்கடைப் பக்கம் போகவில்லை. வாய்க்கால் கரையில் பூவரசந்தழை ஒடித்துப் போட்டு ஐந்து மா நிலத்தை நட்டான். ஊருக்கே இது தெரியும். கடைத்தெருவில் உரமூட்டைகள் வண்டியில் ஏறும்போது அவன் வேறு பக்கம் பார்த்துக்கொண்டு போவான்.

பையன் ஏதோ கேட்டான்.

"ஏன் போடறதில்லைன்னு கேக்கறான்" என்றார் கைலாசநாதன்.

கையில் காசு இல்லை என்று சொல்லியிருக்கலாம். பையன் ஒரு நோட்டைத் திறந்து பென்சிலோடு நின்றான். நீலகண்டன் சொல்வதை இதுவரை யாரும் எழுதிக்கொண்டதில்லை.

"மண்ணு செத்துப்போயிடுங்க. எங்க அப்பா காலத்துலேர்ந்து நாங்க அதை வயலுக்குள்ள விடறதில்லை."

அந்தத் தெருவில் முதன்முதலாக யூரியா வாங்கிப் போட்டவர் அவனுடைய அப்பாதான். கைலாசநாதனுக்கும் அது தெரியும். அவர் ஒரு கணம் நின்று, பிறகு பிரெஞ்சில் சொன்னார். பையன் எழுதிக்கொண்டான். எழுதி முடித்து நீலகண்டனின் கையைப் பிடித்துக் குலுக்கினான். கையில் தவிடு ஒட்டியிருந்தது.

வாசல்படியில் முறத்தோடு நின்றிருந்த பங்கஜவல்லி புருஷனை ஒரு பார்வை பார்த்துவிட்டு உள்ளே போனாள்.

ரெமிக்கு மாட்டுக்கொட்டகையை ஒட்டிய விதைநெல் அறையில் கயிற்றுக்கட்டில் போட்டார்கள். அவன் விடியும் முன் எழுந்தான். சாணி அள்ளினான். பங்கஜவல்லி தடுத்தாள், கேட்கவில்லை. பழையசோறும் மோர்மிளகாயும் வைத்தாள். முதல் நாள் மிளகாயைக் கடித்துவிட்டுக் கண்ணில் நீர் ஒழுக உட்கார்ந்திருந்தான். மறுநாளும் அதையே கேட்டு வாங்கினான்.

"வயித்தக் கெடுத்துக்கப் போவுது இந்தப் புள்ள" என்றாள் அவள். ஆனால் அவன் உட்காரும் இடத்தில் முன்கூட்டியே தண்ணீர் வைக்க ஆரம்பித்தாள்.

வயலில் அவனுக்குத் துணை மருதையன். கீழத்தெரு ஆள். நாற்பத்தைந்து வயது. தெட்சிணாமூர்த்தி பண்ணையில் நிரந்தர வேலை. தண்ணீர் கட்டுவது, களம் பார்ப்பது, உரக்கொட்டகையைத் திறந்து மூடுவது எல்லாம் அவன்தான். அங்கே வேலை ஒழியும் நேரத்தில் நீலகண்டன் வயலையும் பார்ப்பான். அவன் பெண்சாதி அஞ்சுகம் நடவுக்கும் களைக்கும் ஆள் கூட்டி வருவாள்.

தழை மிதிக்கையில் ரெமி தொடை வரை சேற்றில் இறங்கினான். கொளுஞ்சியும் எருக்கும் காலடியில் நழுவின. இரண்டு முறை விழுந்தான். மருதையன் அவன் இடுப்பில் ஒரு துண்டைக் கட்டி, மறுமுனையைத் தன் கையில் பிடித்துக்கொண்டான்.

"கன்னுக்குட்டிய பழக்கற மாதிரி பழக்கறியே" என்றான் நீலகண்டன் வரப்பிலிருந்து.

"கன்னுக்குட்டி சொன்னா கேக்குங்க. இது சேத்தையே பார்த்துச் சிரிக்குது."

வயதில் மூத்தவர்களை அண்ணன் என்று கூப்பிட வேண்டும் என்று கைலாசநாதன் சொல்லிக் கொடுத்திருந்தார். ரெமி நீலகண்டனையும் அண்ணன் என்றான், மருதையனையும் அண்ணன் என்றான். முதல் தடவை கேட்டபோது மருதையன் திரும்பிப் பின்னால் பார்த்தான். நீலகண்டன் கேட்காத மாதிரி இருந்தான்.

நடவன்று எட்டுப் பெண்கள் வர வேண்டிய இடத்தில் நீலகண்டன் ஏழு பேரைத்தான் கூப்பிட்டான். ஒரு வரிசையில் ரெமி நின்றான். அவன் நட்ட நாற்று பின்னாலேயே மிதந்து வந்தது.

"தொரை, வெரல உள்ள வுடு. நாத்து கப்பல் வுட வரலை" என்றாள் அஞ்சுகம்.

பெண்கள் சிரித்தார்கள். மத்தியானம் ரெமி வீட்டுக்கு வராமல் அவர்களோடு வரப்பில் உட்கார்ந்து நெத்திலிக் கருவாடு தின்றான். மருதையன் தூக்குவாளி மூடியில் சோறு வைத்து நீட்டினான். நீலகண்டன் இன்னொரு வரப்பில் நின்றான். அங்கே போய் உட்காரவும் முடியவில்லை, வீட்டுக்குப் போகவும் முடியவில்லை. வாய்க்கால் மடையைத் தேவையில்லாமல் ஒரு முறை வெட்டி மறுபடி அடைத்தான்.

ஐப்பசி பத்தில் மழை பிடித்துக்கொண்டது. பன்னிரண்டு நாள். வரப்பு தெரியவில்லை. வடிந்தபோது பயிர் மஞ்சளாக நின்றது. பக்கத்து வயல்களில் மேலுரம் விழுந்து நாலு நாளில் பச்சை ஏறியது. நீலகண்டனின் ஐந்து மா மட்டும் நடுவில் வெளிறிக் கிடந்தது.

தெட்சிணாமூர்த்தி மோட்டார் சைக்கிளை நிறுத்திப் பார்த்தார்.

"என்னடா நீலகண்டா, பிரான்சுப் பயிரு மஞ்சளாத்தான் வருமா?"

"மழைங்கண்ணே. தேறிடும்."

"மழை எனக்கும்தான் பேஞ்சுது."

வீட்டில் பங்கஜவல்லி அதையே வேறு மாதிரி சொன்னாள். "பத்தாயத்துல மார்கழி வரைக்கும்தான் இருக்கு. தையில இது வந்தாத்தான் சோறு. அந்தப் புள்ள எழுதிக்கிட்டு ஊருக்குப் போயிடும். நாம எங்க போறது?"

"என்ன செய்யச் சொல்றே?"

"எல்லாரும் செய்யறதைச் செய்யுங்க. அதுகிட்டயும் சொல்லிடுங்க. புரியாத புள்ள இல்லை அது."

அவன் பாதியைத்தான் கேட்டான். காரைக்கால் போய், கடன் சொல்லி, சைக்கிள் கேரியரில் ஒரு மூட்டை யூரியா கட்டிக்கொண்டு வந்தான். பாதி வழியில் தன் வேட்டியை அவிழ்த்து மூட்டையின் மேல் போர்த்தினான். டவுசரோடு சைக்கிளை மிதித்து வந்ததைப் பார்த்து வரிச்சிக்குடி டீக்கடையில் யாரோ சிரித்தார்கள்.

மறுநாள் கைலாசநாதன் பென்ஷனுக்குப் போகிற நாள். ரெமியும் கடிதம் போட அவரோடு பஸ் ஏறினான். பஸ் திருப்பத்தில் மறைந்ததும் நீலகண்டன் மருதையனைக் கூப்பிட்டான். தண்ணீரை வடித்தார்கள். அஞ்சுகம் ஈரமண்ணைக் கலந்து கூடையில் போட்டுக் கொடுத்தாள். மருதையன் இடுப்பில் கூடையை வைத்துக்கொண்டு வயலில் இறங்கினான். இறங்கிவிட்டு நின்றான்.

"தம்பிகிட்ட ஒரு வார்த்தை சொல்லிட்டுப் போட்டா என்னங்க?"

"அதுக்கு என்னத்தைத் தெரியும்?"

"தெரியுதோ இல்லையோங்க. ஆசையா மிதிச்சுது."

"நீ வாய மூடிக்கிட்டு வீசு."

மருதையன் வீசினான். ஒரே சீராக, ஒரு பிடி மிச்சமில்லாமல். வேலை முடிந்ததும் வெறும் சாக்கை வாய்க்காலில் அலசி உதறினான். வீசினவனுக்குச் சாக்கு என்பது அந்தப் பக்கத்து வழக்கம். அதைக் கேட்கவும் வேண்டியதில்லை, கொடுக்கவும் வேண்டியதில்லை. மருதையன் மடித்துக் கக்கத்தில் வைத்துக்கொண்டு போனான். நீலகண்டன் பார்த்துக்கொண்டுதான் நின்றான்.

எட்டாம் நாள் வயல் கரும்பச்சையாகக் கறுத்தது. ரெமி வரப்பில் உட்கார்ந்து பயிரின் தாளைத் தொட்டுத் தொட்டுப் பார்த்தான். எப்படி என்று சைகையால் கேட்டான். நீலகண்டன் வானத்தைக் காட்டினான். சூரியனைக் காட்டினான். ரெமி நோட்டை எடுத்து எழுதினான். வயலை ஒரு படமும் போட்டான். அன்று சாயங்காலம் கைலாசநாதன் வந்து சொன்னார்: "அவன் சினேகிதங்களுக்கெல்லாம் எழுதியிருக்கானாம். அடுத்த வருஷம் ரெண்டு பேர் வருவாங்களாம். ஒன் வயலைப் பார்க்க."

நீலகண்டன் அன்று இரண்டு முறை குளித்தான்.

கார்த்திகை பத்து வாக்கில் களையெடுப்பு. காலையிலிருந்து தூறல். பெண்கள் சாக்கின் ஒரு மூலையை இன்னொரு மூலைக்குள் திணித்துத் தலையில் கவிழ்த்துக்கொண்டு குனிந்திருந்தார்கள். மற்றவர்களுடையது பழைய சணல் சாக்கு. அஞ்சுகத்தினுடையது புதிது, வெள்ளை. ரெமி அவளுக்கு இரண்டு ஆள் தள்ளிப் பின்னால் குனிந்திருந்தான். கைலாசநாதன் அவனுக்கு வந்த கடிதத்தோடு குடை பிடித்து வரப்பில் நின்றார்.

"சித்தப்பா லெட்டரை நனைய விட்டுடாதீங்க" என்று நீலகண்டன் சொல்லிக்கொண்டிருந்தான். அப்போதுதான் ரெமி நிமிர்ந்தான். அஞ்சுகத்தின் முதுகில் நீல எழுத்து இருந்தது. அதைப் படித்தான். கிட்டே வந்து மறுபடி படித்தான். பிறகு வயலைப் பார்த்தான்.

அவன் கைலாசநாதனிடம் மெதுவாகக் கேட்டான்.

"அந்தச் சாக்கு ஏதுன்னு கேக்கறான்" என்றார் அவர்.

பெண்கள் கையை நிறுத்தினார்கள். மருதையன் மடையில் மண்வெட்டியோடு நின்றான்.

"அது... அவங்க வீட்டுச் சாக்குங்க சித்தப்பா."

ரெமி தலையாட்டவில்லை. இன்னொன்று கேட்டான்.

"வயல்ல யூரியா போட்டிருக்கான்னு கேக்கறான்."

எல்லோரும் நீலகண்டனைப் பார்த்தார்கள். ரெமியும் பார்த்தான். அவன் முகத்தில் கோபமில்லை. இல்லை என்று சொல்லிவிடுங்கள் என்று கெஞ்சுகிற முகம். இல்லை என்றுதான் நீலகண்டனும் சொல்ல நினைத்தான். ஆனால் பயிர் கறுத்து நின்றது.

"எனக்குத் தெரியாதுங்க. நான் இல்லாத நேரத்துல மருதையன் போட்டிருப்பான். பயிரு மஞ்சளா இருக்கேன்னு அவனா..."

"அவனுக்கு ஏதுடா உரம்?"

இந்தக் கேள்வியை ரெமி கேட்கவில்லை. கைலாசநாதனே கேட்டார்.

நீலகண்டன் வரப்பைப் பார்த்துக்கொண்டு சொன்னான். "தெட்சிணாமூர்த்தி அண்ணன் கொட்டகைச் சாவி அவன்கிட்டதானே இருக்கு."

தூறல் குடையில் விழுகிற சத்தம் கேட்டது. கைலாசநாதன் அதையும் பிரெஞ்சில் சொன்னார்.

ரெமி மடைக்குப் போனான். "அண்ணன்?" என்றான்.

மருதையன் நீலகண்டனைப் பார்த்தான். அதிக நேரம் பார்க்கவில்லை. ஒரு தடவைதான்.

"நாந்தாங்க போட்டேன்" என்றான்.

ரெமி வெகுநேரம் பேசினான். கைலாசநாதன் துண்டு துண்டாகச் சொன்னார். "கோவம் இல்லையாம் மருதையா. ஒனக்கு யாரும் எடுத்துச் சொல்லியிருக்க மாட்டாங்களாம். ஒன் மேல தப்பில்லையாம். மன்னிச்சுட்டானாம்."

"சரிங்க."

"நீலகண்டா, ஒனக்காகத்தான் வருத்தப்படறான். அப்பா காலத்துலேர்ந்து காப்பாத்தின மண்ணு ஒரு நாள்ல போச்சேன்னு."

ரெமி வந்து நீலகண்டனின் இரண்டு தோளையும் பிடித்தான். அவன் கண் கலங்கியிருந்தது. நீலகண்டன் அவன் கைக்குள் மரம் மாதிரி நின்றான்.

அஞ்சுகம் தலையிலிருந்த சாக்கை எடுத்தாள். நாலாக மடித்து வரப்பில் வைத்தாள். நனைந்துகொண்டே குனிந்து களை பறித்தாள்.

அன்று பங்கஜவல்லி கத்தரிக்காய்க் குழம்பு வைத்திருந்தாள். ரெமிக்கு ஊற்றினாள். புருஷனுக்கும் ஊற்றினாள். ரெமி சாப்பிட்டு அறைக்குப் போனபின் தட்டை எடுக்க வந்தாள்.

"களைக்கு வந்தவ எல்லாத்தையும் சொல்லிட்டுப் போனா" என்றாள்.

அவன் சோற்றைப் பிசைந்தான்.

"மூட்டைய நீங்கதானே கட்டிக்கிட்டு வந்தீங்க. ஒங்க வேட்டியில ஒட்டியிருந்த உர உப்பை நாந்தானே கசக்கினேன்."

"வாய்ல வந்துடுச்சு."

"வாய்ல வந்ததை வாயாலயே திருப்பிச் சொல்லுங்க."

"இப்பப் போயி எப்படிடி? சித்தப்பா முன்னாடி, அத்தனை பொம்பளைங்க முன்னாடி..."

"அந்தப் பொம்பளைங்களுக்குத் தெரியாதுன்னு நெனைக்கிறீங்களா? மண்ணு கலந்தவளே அங்கதான் நின்னா."

"அவன் ஆமான்னுதானே சொன்னான்."

பங்கஜவல்லி தட்டை எடுத்தாள். பாதிச் சோறு மிச்சமிருந்தது. அதையும் சேர்த்து எடுத்துக்கொண்டு போனாள்.

கைலாசநாதன் கெட்டவர் இல்லை. டீக்கடையில் கதையாகத்தான் சொன்னார். வெள்ளைக்காரப் பையன் மன்னித்ததைத்தான் பெரிதாகச் சொன்னார். சாவி விஷயம் நடுவில் வந்தது. இரண்டாம் நாள் காலையில் தெட்சிணாமூர்த்தி மருதையனிடம் சாவியை வாங்கி வைத்துக்கொண்டார். இனிமேல் வர வேண்டாம் என்றார்.

நீலகண்டனுக்கு அது மத்தியானம் தெரிந்தது. அவன் சட்டையைப் போட்டுக்கொண்டு கிளம்பினான். பங்கஜவல்லி வாசல்வரை வந்தாள்.

தெட்சிணாமூர்த்தி களத்துமேட்டில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தார். நாலைந்து ஆட்கள் வைக்கோல் பிரி முறுக்கிக்கொண்டிருந்தார்கள்.

"வாடா. ஒன் விருந்தாளி எப்படி இருக்கான்?"

"இருக்கான் அண்ணே. மருதையன் விஷயமா..."

"சொல்லு."

"மூட்டை எதுவும் கொறையுதாங்க?"

"எண்ணிப் பார்த்தேன். சரியாத்தான் இருக்கு."

"அப்ப அவன் எடுத்திருக்க மாட்டான் அண்ணே."

தெட்சிணாமூர்த்தி சிரித்தார். "பிரிச்ச மூட்டையிலேர்ந்து படிபடியா எடுத்தா எண்ணிக்கை எங்கடா கொறையும்? பதினாலு வருஷமா எங்கிட்ட இருக்கான். நான் சந்தேகப்படலை. நீதானே சொன்னே. ஒன் வாயால. பட்டாளத்தார் கேட்டிருக்காரு."

"அது நான் ஒரு பேச்சுக்கு..."

"பேச்சுக்குன்னா? அப்ப ஒன் வயலுக்கு உரம் எங்கேர்ந்து வந்துச்சு?"

பிரி முறுக்கிக்கொண்டிருந்தவர்கள் கையை நிறுத்தினார்கள். நீலகண்டனின் நாக்கு நுனிக்கு அந்த வார்த்தை வந்தது. நான் வாங்கினேன். இரண்டே சொல். அதைச் சொன்னால் சாயங்காலத்துக்குள் ரெமிக்குப் போகும். அப்பா காலத்துப் பேச்சும் பொய்யாகும். டவுசரோடு சைக்கிள் மிதித்ததும் வெளியே வரும்.

"அதான் தெரியலைங்கண்ணே" என்றான்.

"தெரியலைன்னா விடு. எனக்கும் தெரியலை. தெரியாத ஆள்கிட்ட சாவி குடுக்க முடியாது."

திரும்பி வரும்போது அவன் வாய்க்கால் கரையோடு சுற்றிக்கொண்டு வந்தான். பங்கஜவல்லி அவன் முகத்தைப் பார்த்தாள். அன்றிலிருந்து அவனிடம் எதுவும் கேட்பதை அவள் நிறுத்திக்கொண்டாள். உப்பு போதுமா என்றுகூட.

மருதையன் வயலுக்கு வரவில்லை. ரெமி தானே மடை கட்டினான். தப்பாகக் கட்டினான். நீலகண்டன் பின்னால் போய்ச் சரிசெய்தான். ஒரு நாள் ரெமி கீழத்தெருவுக்குப் போய் மருதையனைப் பார்த்துவிட்டு வந்தான். ஒரு டார்ச் லைட்டைக் கொடுத்தானாம். மருதையன் வாங்கிக்கொண்டானாம். வந்து, தனக்குத் தெரிந்த தமிழில் சொன்னான்: "மருதையன் அண்ணன் நல்ல. பாவம். தெரியாது."

"ஆமா தம்பி" என்றான் நீலகண்டன்.

கார்த்திகை கடைசியில் ரெமி கிளம்பினான். வடக்கே இன்னொரு ஊரில் இன்னொரு பண்ணை இருக்கிறதாம். பங்கஜவல்லி ஒரு பொட்டலத்தில் மோர்மிளகாய் கட்டிக் கொடுத்தாள். அவன் குனிந்து அவள் காலைத் தொட்டான். யார் சொல்லிக் கொடுத்தார்களோ. அவள் முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு உள்ளே போய்விட்டாள்.

கடைத்தெருவில் பஸ்ஸுக்கு நின்றார்கள். கைலாசநாதன் நடுவில் நின்றார்.

"சித்தப்பா."

"என்னடா?"

"தம்பிகிட்ட ஒண்ணு சொல்லணும்."

"சொல்லு, சொல்றேன்."

ரெமி ஆவலாகப் பார்த்தான். நோட்டு இருந்த பைக்குக் கை போயிற்று. பஸ் திருப்பத்தில் ஹாரன் அடித்தது.

"போயிச் சேர்ந்ததும் லெட்டர் போடச் சொல்லுங்க."

கைலாசநாதன் அவனைப் பார்த்தார். "இதுதான் சொல்லணுமா?"

"ஆமாங்க."

அவர் சொன்னார். ரெமி அவனைக் கட்டிப் பிடித்தான். பஸ்ஸில் ஏறி, ஜன்னல் வழியாகக் கை காட்டிக்கொண்டே போனான்.

நீலகண்டன் வீட்டுக்குப் போகவில்லை. அங்கிருந்தே நடந்தான். வாய்க்கால் பாலத்தைத் தாண்டி, இலுப்பைமரத்தைத் தாண்டி, கீழத்தெருவுக்குள் நுழைந்தான். ஆள் கூப்பிட வரும்போதெல்லாம் தெருமுனையில் நின்று குரல் கொடுப்பான். உள்ளே வந்ததில்லை. மருதையன் வீடு எது என்று ஒரு பெண்ணைக் கேட்டான். அவள் கையைக் காட்டிவிட்டு நின்று பார்த்தாள்.

அஞ்சுகம் வாசலில் குந்திக் குழம்புக்கு வயல்நத்தை உடைத்துக்கொண்டிருந்தாள். அலுமினியச் சட்டியில் கால்வாசி சேர்ந்திருந்தது. அவனைப் பார்த்ததும் எழுந்து கையை முதுகுப் பக்கம் துடைத்தாள்.

"மருதையன் இல்லியா?"

"நெரவிப் பக்கம் வெறகு வெட்டப் போயிருக்காருங்க. நாலு நாளா அங்கதான். போனாத்தான் ஒல கொதிக்கும்."

"எப்ப வருவான்?"

"பஸ்ஸுக்குக் காசு இருந்தா பொழுதோட வருவாரு. இல்லாட்டி நடந்து வரணும்."

அவள் உட்காரச் சொல்லவில்லை. அவன் உட்கார அங்கே எதுவும் இல்லை. பக்கத்து வீட்டில் யாரோ ஆட்டுக்குத் தழை போட்டார்கள். உடைத்த நத்தையின் சேற்று வாடை வந்தது. நீலகண்டன் செருப்பைக் கழற்றினான். எதற்குக் கழற்றினோம் என்று தெரியாமல் வெறுங்காலோடு நின்றான்.

"அந்தத் தம்பி போயிடுச்சா?" என்றாள் அஞ்சுகம்.

"இப்பதான் பஸ் ஏறுச்சு."

"நல்ல புள்ளைங்க."

"அஞ்சுகம்."

"சொல்லுங்க."

"அந்த உரம் நான் வாங்குனது. காரைக்கால்லேர்ந்து நாந்தான் கட்டிக்கிட்டு வந்தேன். நான் சொல்லித்தான் மருதையன் போட்டான். அவன் மேல ஒரு தப்பும் இல்லை."

இத்தனை நாள் வராத வார்த்தை ஒரு தடங்கலும் இல்லாமல் வந்துவிட்டது.

அஞ்சுகம் சட்டியைப் பார்த்தாள். பிறகு நிமிர்ந்து அவனைப் பார்த்தாள். அவள் குரலில் சண்டை இல்லை. தெரிந்துகொள்ளக் கேட்கிற மாதிரித்தான் கேட்டாள்.

"இதை எங்ககிட்ட வந்து எதுக்குங்க சொல்றீங்க?"